மூன்று செக்ரோலும் செத்துப் பிழைத்த மாடசாமியும்

தேயிலைத் தோட்டத்து ரைட்டர் வேலை என்பது, ஒரே ஆளின் பெயரை மூன்று இடத்தில் எழுதிவிட்டு, மூன்றும் ஒத்துப்போகவில்லையே என்று மாய்வது. பதிவேடுகளோடு மாரடிக்கிற யாருக்கும் இந்த அலுப்பு தெரிந்திருக்கும்.

நல்ல நேரம்

எழுபதுகளில் கேரளத்துப் பீர்மேட்டுப் பக்கம் இருந்தேன். ஆள்பெயர் எழுதும் செக்ரோல் ஆபீசில் ஒன்று, பாக்டரியில் ஒன்று, மலை உச்சிப் பகுதியான மேல் டிவிசனில் ஒன்று. அவ்வப்போது மூன்றையும் ஒன்றாக வைத்துச் சரிபார்க்க வேண்டும். அதற்கு எப்போது போனாலும் தப்பு. மழைக்காலத்தில் போனால் பாதை சரிந்திருக்கும். வெயில் காலத்தில் போனேன், மேல் டிவிசனில் கொழுந்தெடுப்பை மேய்க்கும் கண்டக்டர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கொழுந்து முத்திப்போகுது, இப்ப வந்து புத்தகத்தக் கேக்கீரு. மழைக்கு வாரும்வே."

ஓணத்துக்குச் சுத்தம்

மாதாமாதம் செக்ரோலைப் புதிதாகப் பெயர்த்து எழுதுவோம். இறந்தவர், விலகியவர் பெயர் அதில் ஏறாது. நீக்கியதற்குச் சாட்சி ஒரு துண்டுச் சீட்டுதான், அதைக் கம்பியில் குத்தி வைப்போம். எந்தப் புத்தகத்திலாவது ஒரு பெயர் விடுபட்டு, அதற்குச் சீட்டும் இல்லையென்றால், எழுதியவன் தூங்கிவிட்டான் என்று பெயரைச் சேர்த்துவிடுவது வழக்கம்.

அந்த ஓணத்துக்கு முன் ஆபீசைச் சுத்தம் செய்த பெரிய கிளார்க், கம்பியிலிருந்த சீட்டுகளை அப்படியே உருவி அடுப்பில் போட்டார். சரிபார்ப்பு இன்னும் ஆகவில்லையே என்றேன். இதெல்லாம் எதற்கு என்று மலையாளத்தில் சிரித்தார்.

"இதொக்கெ எந்தினா ரைட்டரே? மரிச்சவன் திரும்பி வருமோ?"

திரும்பி வந்தவர்

தோட்டத் தொழிலாளி மாடசாமி அந்த ஓணத்துக்கு முந்திய மழையில்தான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தார். ஆபீசிலும் பாக்டரியிலும் பெயரை நீக்கி, சீட்டைக் கம்பியில் குத்தியாயிற்று. பாதை சரிந்ததால் மேல் டிவிசனுக்குச் சேதி போகவில்லை. அங்கே அவர் மாதாமாதம் பெயர்த்து எழுதப்பட்டார். பிறகு நான் காய்ச்சலில் கிடந்த வாரம், பெரிய கிளார்க் தானே சரிபார்த்தார். மேலே இருக்கிறது, கீழே இல்லை, சீட்டும் இல்லை. இரண்டிலும் சேர்த்துவிட்டார். மூன்று புத்தகமும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின.

புருசன் இடத்தில் பெண்சாதிக்கு வேலை கொடுப்பார்கள். அது கிடைக்காவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்காக வந்து நின்றாள் மாடசாமியின் மனைவி சொர்ணம். இடம் காலியில்லை, மாடசாமி பெயர் மூன்றிலும் இருக்கிறது என்றார் பெரிய கிளார்க். சொர்ணம் அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அவுக வேலைக்கு வாராகன்னா சந்தோசம்யா. சாயங்காலம் வீட்டுக்கு மட்டும் அனுப்பி வைங்க, பிள்ளைக கேட்டுக்கிட்டே கெடக்கு."

பெரிய கிளார்க் அன்றே மாடசாமியை நீக்கி, சொர்ணத்தின் பெயரை மூன்றிலும் ஏற்றினார். சரிபார்க்க நல்ல நேரம் எது என்று இப்போது யாராவது கேட்டால், சீட்டை எரிப்பதற்கு முன்னால் எந்த நேரமும் நல்ல நேரம்தான் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறேன்.