காலியாக வந்தால் ஆடும்

பேய் இருட்டில்தான் வரும் என்று யார் சொல்லி வைத்தார்களோ தெரியாது. எனக்கு நடந்தது பட்டப்பகலில். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நான் சண்டைக்கு வர மாட்டேன். நானே நட்டு போல்ட்டைத் தவிர எதையும் நம்பாமல் வண்டிக்கு அடியிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன். ஆனால் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஆஸ்பத்திரி வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக் நான். என் மனைவி அங்கேயே நர்ஸ். மலைமேல் இருக்கும் குடியிருப்புகளுக்குப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது அவள் வேலை. அந்தப் பாதையில் பஸ் கிடையாது, கார் ஏறாது. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்றுதான் ஏறும். காலையில் டிரைவர் அவளை மேலே விட்டுவிட்டுக் காலியாகத் திரும்புவான். சாயங்காலம் காலியாக ஏறிப் போய் அழைத்து வருவான்.

அந்த ஜீப்புக்குத்தான் முன்பக்கம் ஆட்டம் வந்தது.

லேசான உதறல் என்றால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அதை நெருங்கும்போது ஸ்டியரிங் திடீரென்று இடம் வலம், இடம் வலம் என்று வெறி பிடித்தது போல் ஆடுமாம். வண்டியை அடியோடு நிறுத்தினால்தான் அடங்குமாம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். ஒரு நாள் டிரைவர் கட்டை விரலில் மாவுக்கட்டோடு வந்து நின்றான். சுருட்டை முடிக்காரன், அதனால் எல்லோருக்கும் அவன் சுருட்டை.

கல் பாதையில் ஓட்டுகிறவர்கள் கட்டை விரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் விட மாட்டார்கள். மற்ற விரல்களோடு சேர்த்து மேலேதான் வைப்பார்கள். சக்கரம் கல்லில் இடித்தால் ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பி, உள்ளே இருக்கிற விரலை முறித்துவிடும். முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது.

"விரலை உள்ள விட்டியாடா?"

"சத்தியமா இல்லண்ணே. மேலதான் வச்சிருந்தேன். யாரோ உள்ள இழுத்த மாதிரி இருந்துச்சு."

"யாரு, உன் மாமியாரா?"

அவன் சிரிக்கவில்லை. "சிஸ்டர் வண்டில இருந்தா ஆடாதுண்ணே. காலியா வந்தாத்தான் ஆடுது."

மனைவியும் அதையேதான் சொன்னாள். "நான் இருக்கிறப்ப ஒரு தடவைகூட ஆடலைங்க. நீங்கதான் சும்மா பயப்படுறீங்க."

பயப்படாமல் என்ன செய்வது? என் உலகமே அந்த வண்டியில்தானே ஏறிப் போகிறது. ஜாக்கி போட்டுத் தூக்கினேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தேன், பேரிங்கில் லூஸ் இல்லை. பக்கவாட்டில் அசைத்தேன், சக்கரங்களைத் திருப்புகிற டை ராடில் லூஸ் இல்லை. சுருட்டையின் தம்பியை உட்கார வைத்து ஸ்டியரிங்கை ஆட்டச் சொல்லி, அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டையும் கையால் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் கல் மாதிரி இருந்தது. டயரை மாற்றினேன், பேலன்ஸ் பார்த்தேன், அலைன்மென்ட் பார்த்தேன். கடைசியில் உதறலை அடக்குகிற ஸ்டியரிங் டேம்பரையும் புதிதாகப் போட்டேன். ஊஹும். காலியாக ஏறினால் ஆடியது.

இப்படிப்பட்ட கோளாறுக்கு முதல் கேள்வி ஒன்றுதான். ஆட்டம் வருவதற்கு முன்னால் எதை மாற்றினோம்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் ஒரு ஆணியைக்கூட மாற்றவில்லை.

"வண்டி ஓடாதுன்னு எழுதிக் குடுத்துடப் போறேன்" என்றேன் மனைவியிடம்.

"குடுங்க. நான் நடந்து போறேன்."

"அந்த மலையையா?"

"மேல ரெண்டு குழந்தைக்கு இப்பவே காய்ச்சல் ஆரம்பிச்சிருக்கு. உங்களுக்கு நான் வண்டில போகணும்னா வண்டியைச் சரி பண்ணுங்க."

சொன்னால் செய்கிறவள் அவள். எனக்குத் தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை.

எடைதான் காரணமோ என்று தோன்றியது. ஆள் இருந்தால் ஆடவில்லை, இல்லாவிட்டால் ஆடுகிறது. அவள் எடைக்கு ஒரு மணல் மூட்டையைத் தூக்கி டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் வைத்தேன். கயிறு போட்டு, இரட்டை முடிச்சு போட்டுக் கட்டினேன். உச்சி வெயிலில் நான் மட்டும் மலை ஏறினேன்.

வண்டி அழகாகப் போனது. பாட்டுகூட முணுமுணுத்தேன்.

வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது ஒரு வாசனை வந்தது. ஊசி போடும் முன் பஞ்சில் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை. என் மனைவியின் பை வண்டியில் இல்லை. மருந்துப் பெட்டியும் இல்லை.

ஜன்னல் வழியே அனல் அடித்தது. ஆனால் என் இடது கை மட்டும் சில்லிட்டது.

சரக்… பக்கத்தில் ஏதோ நகர்ந்தது.

திரும்பிப் பார்க்க நேரமில்லை. ஸ்டியரிங் பிடுங்கிக்கொண்டது.

இடம்… வலம்… இடம்… வலம்…

அது சக்கரத்திலிருந்து வரும் ஆட்டம் இல்லை. அடியிலிருந்து வந்தால் முதலில் தரை அதிரும், பெடல் அதிரும். தரை அசையவே இல்லை. மேலே… வளையத்தைத்தான்… யாரோ பிடித்து இழுத்தார்கள்.

பிரேக்கை மிதித்தேன். பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

மெதுவாகத் திரும்பினேன்.

முன் சீட்டில் கயிறு இருந்தது. முடிச்சு அவிழவில்லை.

மூட்டை இல்லை.

அது பின் சீட்டில் இருந்தது. ஒழுங்காக… உட்கார வைத்த மாதிரி.

ஸ்டியரிங் முழுக்கச் செம்மண் தூசி. என் கை பிடித்த இடம் தெரிந்தது. இடது பக்கம், மேலே, இன்னொரு ஜோடி கை. சின்னக் கைகள்.

கட்டை விரல் உள்ளே இருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒன்றை மாற்றியிருந்தோம். பக்கத்து சீட்டு கிழிந்திருந்தது என்று, பணிமனைக்குப் பின்னால் நொறுங்கிக் கிடந்த பழைய ஜீப்பின் சீட்டைக் கழற்றிப் பொருத்தியிருந்தேன். செத்த வண்டியிலிருந்து எடுத்து ஓடுகிற வண்டிக்குப் போடுவது எங்களுக்குத் தினசரி வேலை. ஸ்டியரிங் ஆட்டத்துக்கு சீட்டைக் கணக்கில் எடுக்கிற மெக்கானிக் உலகத்தில் உண்டா?

கீழே இறங்கியதும் முதல் வேலையாக அந்த சீட்டைக் கழற்றி எறிந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி தனியாக ஏறினேன். ஆடவில்லை. அந்த வளைவில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்து ஓவென்று அழுதேன். அவள் பிழைத்தாள் என்று நினைத்தேன்.

மறுநாள் வேறு டிரைவரோடு அவள் போனாள். சாயங்காலம் நல்லபடியாகத் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"ஏங்க, முன் சீட்டை எதுக்குக் கழட்டுனீங்க?"

"ஆட்டம் நின்னுச்சுல்ல? அதுவரைக்கும் சந்தோஷப்படு."

"ஆனா பாவம் அந்தக்கா."

"எந்தக்கா?"

"முன்னாடி உக்காந்து வருவாங்களே, அவங்கதான். வேற பிரிவு நர்ஸ் போல. முகத்துல மாஸ்க், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. அவங்க இருக்கிறதாலதானே நான் இத்தனை நாளா பின்னாடி உக்காருறேன்."

அவள் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"இன்னிக்கு சீட்டு இல்லையா… என் பக்கத்துல நெருக்கி உக்காந்துக்கிட்டாங்க. அந்த வளைவு வந்ததும் பயத்துல என் கையைப் பிடிச்சாங்க பாருங்க… யப்பா, என்ன சில்லுன்னு இருந்துச்சு தெரியுமா!"

சொல்லிக்கொண்டே தண்ணீர் டம்ளரை எடுத்தாள்.

டம்ளர் ஆடியது.

இடம்… வலம்… இடம்… வலம்…

தண்ணீர் தரையெல்லாம் சிந்தியது. அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதே வேகம். அதே ஆட்டம்.

பார்க்காத டாக்டர் இல்லை. நரம்பைப் பார்த்தார்கள், மூளையைப் படம் எடுத்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். நானும் அந்த ஜீப்பைப் பற்றி அதைத்தான் சொன்னேன். யாராவது பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தால் கை ஆடுவதில்லை. தனியாக விட்டால் ஆடுகிறது. ஊசி பிடித்த கை இப்போது சீப்பைக்கூடப் பிடிப்பதில்லை.

பணிமனையில் ஸ்டோர் பார்க்கிற பெரியவரிடம் ஓடினேன். அந்த நொறுங்கிய ஜீப்பின் கதையைக் கேட்டேன். நான் இங்கே வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்ததாம். அதே வளைவு. டிரைவர் கண் அசந்து, விழித்ததும் கதவைத் திறந்து குதித்துவிட்டான். முன் சீட்டில் ஒரு நர்ஸ். தனியாக…

"பக்கத்துல இருந்தே ஸ்டியரிங்கைத் திருப்பப் பாத்திருக்காங்கப்பா" என்றார் அவர். "கட்டை விரல் ரெண்டும் முறிஞ்சிருந்துச்சு. பிடியை மட்டும் விடவே இல்ல."

நேற்று அந்த சீட்டைத் தேடி எடுத்து மறுபடி பொருத்தினேன். துடைத்தேன். தனியாக மலை ஏறினேன். வளைவுக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"தாயே, இங்கயே வந்து உக்காந்துக்கோ. எவ்வளவு வேணா ஆட்டு. என் விரலை முறி. அவளை விட்டுடு."

ஸ்டியரிங்கைப் பிடித்தேன். இரண்டு கட்டை விரலையும் உள்ளே விட்டேன். வண்டியைக் கிளப்பினேன்.

ஆடவில்லை.

திரும்பி வந்தேன், மறுபடி ஏறினேன். மறுபடியும். பொழுது சாயும்வரை கெஞ்சிக்கொண்டே ஓட்டினேன்.

ஆடவே இல்லை.