ரெண்டு பக்கமும் கேட்ட கமலவேணி

கமலவேணி மலேசியாவில், மலாக்கா பக்கம் புலாவ் செபாங்கில் ஒரு லாரி கம்பெனியில் கிராணி. பில் எழுதுவாள், போன் எடுப்பாள், டிரைவர்களைத் திட்டுவாள். கல்யாணம் ஆகவில்லை. அதைக் கேட்டவர்களையும் திட்டுவாள்.

அவள் அப்பா தங்கையா, ரெம்பியா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். மொட்டைக் கடுதாசியை விரலால் கூடத் தொடமாட்டார். புகார் கொடுப்பவன் பேரைச் சொல்ல வேண்டும், வேலை செய்யும் இடத்தைச் சொல்ல வேண்டும். அப்புறம் எதிராளியைக் கூப்பிடுவார். புகாரை அவன் முகத்துக்கு நேராகப் படித்துக் காட்டி, "இப்ப நீ சொல்லு" என்பார். தோட்டத்தில் ஒருவன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவன் பேச முடியாது. அது சங்கத்து வழக்கம். பல பேர் வேலையைக் காப்பாற்றிய வழக்கம். மகள் அதைப் பார்த்து வளர்ந்தாள். தங்கையா செத்த பிறகும் அது அவளிடம் இருந்தது.

தொண்ணூற்று ஒன்பதில், கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்த சுரேன் என்ற பையன் இண்டர்நெட்டில் தமிழர்களுக்கென்று ஒரு பேச்சு மேடை ஆரம்பித்தான். 'பெரட்டு' என்று பேர் வைத்தான். தோட்டத்தில் விடியற்காலை தகரத்தைத் தட்டி ஆள் கணக்கு எடுக்கிற இடம் பெரட்டு. அங்கே எல்லோரும் வந்தாக வேண்டும், அதனால் அந்தப் பேர். தமிழை ஏ, பி, சி, டியில் தட்டி அடிப்பார்கள். சினிமாச் சண்டை, கோயில் சண்டை, வேலை காலி, பெண் தேவை எல்லாம் ஓடும். சண்டை முற்றினால் விலக்கிவிட இரண்டு பேர். ஒருவன் சுரேன். மற்றவள் கமலவேணி. சம்பளம் கிடையாது. வசவு உண்டு. மெம்பர்கள் இவர்களைக் 'கங்காணி' என்றுதான் கூப்பிட்டார்கள். பதில் தாமதமானால் "கங்காணி அம்மா தூங்குது, யாராச்சும் தகரத்தைத் தட்டுங்கலா" என்று எழுதுவார்கள்.

சட்டத்தை எழுதியவள் கமலவேணி. பேரும் இடமும் இல்லாத புகார் எடுக்கப்படாது. இரண்டு பக்கமும் கேட்காமல் எதுவும் அழிக்கப்படாது. சுரேனுக்குச் சட்டத்தில் அக்கறையில்லை. "நாம என்ன சம்பளத்துக்கா பாக்குறோம்கா? டைம் கெடைக்கிறப்ப பாத்தா போதும்லா" என்பான்.

அந்த வருஷம் தீபாவளி நெருங்கும்போது ஒரு 'காணவில்லை' வந்தது. போட்டவன் பேர் ஹரிதாஸ், ஜொகூர்க்காரன். 'என் மனைவி மோகனா மனநிலை சரியில்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டாள். பார்த்தவர்கள் தயவுசெய்து தெரியப்படுத்துங்கள்.' கூடவே கல்யாண போட்டோ. மெம்பர்கள் உருகிப்போனார்கள். உங்களுக்காக முருகனை வேண்டிக்கொள்கிறோம் என்று ஆளுக்கு ஆள் எழுதினார்கள்.

அதற்கடுத்து ஒரு புகார் வந்தது. பேர் இல்லை. 'அந்தப் போட்டோவை எடுத்துவிடுங்கள். அவள் தொலையவில்லை.' அவ்வளவுதான். மொட்டைக் கடுதாசி. கமலவேணி ஒதுக்கி வைத்தாள்.

அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. 'உங்கள் சட்டப்படி பேர் எழுதுகிறேன். நான்தான் மோகனா. ரெம்பியாவில் கையுறை பேக்டரியில் பேக்கிங் வேலை. பகல் ஷிப்ட். அவரிடமிருந்து தப்பி வந்தேன். என் காது ஒன்று கேட்காது, அவர் அடித்தது. தயவுசெய்து சீக்கிரம் எடுங்கள்.'

கமலவேணி பதறிப்போனாள். போன புகாரைத் தள்ளிப்போட்டது குத்தியது. இந்தத் தடவை ஒரு நிமிஷம் கூட வீணாக்கக் கூடாது என்று நினைத்தாள். உடனே வேலையில் இறங்கினாள். அப்பா என்ன செய்வாரோ அதையே செய்தாள். புகாரை அப்படியே, ஒரு வார்த்தை குறையாமல், ஹரிதாசுக்கு அனுப்பினாள். 'உங்கள் தரப்பு பதில் என்ன?' என்று கேட்டாள். மோகனாவுக்கும் எழுதினாள்: 'விசாரணை தொடங்கிவிட்டது.' நிம்மதியாகச் சாப்பிடப் போனாள்.

சாப்பிட்டு ஆபீசுக்கு வந்து மறுபடி கம்ப்யூட்டரைப் போன் லைனில் மாட்டினாள். ஹரிதாசின் பதில் காத்திருந்தது. அவள் எழுந்து போனதுமே வந்திருந்தது.

'ரொம்ப நன்றி சிஸ்டர். கிளம்பிட்டேன்.'

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அப்பா புகாரைப் படித்துக் காட்டும்போது எதிராளி அவர் கண் முன்னால் நிற்பான். சுற்றி நாலு ஆள் நிற்பார்கள். அவன் கையை ஓங்க முடியாது. இங்கே அவன் முன்னால் யார் நின்றார்கள்?

பேக்டரிக்குப் போன் அடிக்கப் போனாள். இண்டர்நெட் ஓடினால் ஆபீஸ் போன் செத்துவிடும். வயரைப் பிடுங்கி, மாற்றி, அடித்தாள். எடுத்த பெண் மலாயில் சொன்னாள், பேக்கிங் வரிசையில் நிற்பவர்களைக் கூப்பிட முடியாது, ஷிப்ட் முடிந்து அடி. போலீஸ் ஸ்டேஷனுக்கு அடித்தாள். புருஷன் பெண்டாட்டியைப் பார்க்க வருவது குற்றமில்லையே என்றார்கள்.

வெளியே முனுசாமி லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். கம்பெனியின் பழைய டிரைவர். அந்தக் கையுறை பேக்டரிக்குப் பெட்டி ஏற்றிப் போகிறவர்.

"அண்ணே, ரெம்பியா போகணும். இப்பவே."

"இன்னைக்கு லோடு இல்லியேம்மா. மொதலாளி தவுக்கே கேட்டா?"

"ஒரு பொம்பளைய கொல்ல ஒருத்தன் வந்துகிட்டு இருக்கான். நான்தாண்ணே எடத்த சொன்னேன்."

முனுசாமி பைப்பைக் கீழே போட்டார். "ஏறு."

வழியெல்லாம் அவள் ஜொகூர் நம்பர் பிளேட்டையே தேடினாள். ஜே எழுத்தில் ஆரம்பிக்கும் ஒவ்வொரு கார் தாண்டும்போதும் உள்ளே இருப்பவன் முகத்தை எட்டிப் பார்த்தாள். அலோர் காஜா சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவள் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பழைய பேலட் பலகை எடுக்க வந்தேன்னு சொல்லி உள்ள போயிடுறேன். காவலுக்கு நிக்கிற ஜாகா நம்ம ஆளுதான், அந்தப் பொண்ணத் தேடி லாரில ஏத்திடுறேன்" என்றார் முனுசாமி. "நீ கேட்லயே எறங்கிக்கோ. அவன் வந்தா பாத்துக்கோ."

"பாத்து என்ன பண்றதுண்ணே?"

"பேசு. அதான் தெனமும் பண்றியே."

லாரி உள்ளே போனது. கேட்டுக்கு எதிரே பேக்டரி பஸ்கள் நின்றன. அவற்றின் நிழலில் ஒருவன் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஒரு பை ரம்புத்தான். போட்டோவில் இருந்த அதே ஆள்.

அவனே அவளிடம் வந்தான்.

"சிஸ்டர், பகல் ஷிப்ட் எப்ப விடும்?"

"இன்னும் நேரம் ஆகும். இன்னைக்கு ஓட்டி."

"ஓவர்டைமா? பரவால்ல, நிக்கிறேன். என் வைஃப் உள்ள இருக்கு. மோகனா, தெரியுமா?"

"இங்க நெறைய மோகனா."

அவன் சிரித்தான். "இது கொஞ்சம் மக்கு மோகனா. அதுவா போச்சு, அதுவா எழுதியும் மாட்டிக்கிச்சு. இண்டர்நெட்ல ஒரு சிஸ்டர் இருக்காங்க, தங்கமானவங்க. ரெண்டு பக்கமும் கேக்கிறவங்க. இந்தக் காலத்துல யாரு ஆம்பள பக்கம் கேக்குறா, சொல்லுங்க?"

உள்ளேயிருந்து லாரி வரும் சத்தம் கேட்டது. அவள் அவனுக்கும் கேட்டுக்கும் நடுவில் நகர்ந்து நின்றாள்.

"ரம்புத்தான் எங்க வாங்கினீங்க?" என்றாள். வாயில் வந்தது அதுதான்.

"சிம்பாங் அம்பாட்ல. மோகனாவுக்குப் பிடிக்கும்." ஒரு கொத்தை ஒடித்து நீட்டினான். "எடுத்துக்குங்க. உங்க பேரு?"

"வாணி."

பழத்தை வாங்கிக்கொண்டாள். கொத்திலிருந்து ஒன்று கழன்று தரையில் உருண்டது. அவன் குனிந்து அதை எடுத்தான். அவன் குனிந்த நேரத்தில் லாரி அவளை உரசுவதுபோல் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியது. டிரைவர் பக்கத்து சீட்டில் யாரும் தெரியவில்லை. முனுசாமி இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே மோகனா இருக்கிறாளா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது.

சங்கு ஊதியது. பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கமலவேணி முதல் பஸ்ஸில் அந்தப் பெண்களோடு முட்டிக்கொண்டு ஏறினாள். அது எங்கே போகிற பஸ் என்று கூடப் பார்க்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே வந்து அவன் கண்ணாடியைத் தட்டினான்.

"வாணி சிஸ்டர், மோகனாவைப் பாத்தா புருஷன் வந்தான்னு சொல்லுங்க. கோவமெல்லாம் இல்லன்னு சொல்லுங்க."

மோகனா லாரியில் இருந்தாள். சீட்டுக்குக் கீழே, தார்ப்பாய்க்குள், முழங்காலைக் கட்டிக்கொண்டு. கமலவேணி முனுசாமி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, முனுசாமியின் மனைவி குஞ்சம்மா மோகனாவுக்கு ஒரு கோப்பை மைலோ கலக்கிக் கொடுத்திருந்தாள். அது ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது.

"அக்கா, நீங்கதான் பெரட்டு அக்காவா?" என்று கேட்டாள் மோகனா.

"ஆமா."

"என் வேலை எடத்த உங்களுக்கு மட்டுந்தானே எழுதினேன்?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. "நான்தான் அனுப்பினேன். அவன் பக்கமும் கேக்கணும்னு."

மோகனா நல்ல காதை இந்தப் பக்கம் திருப்பி, சரியாகக் கேட்டதா என்பதுபோல் பார்த்தாள். அப்புறம், "என் பக்கத்த நீங்க மொதல்ல முழுசா படிச்சீங்களா அக்கா?" என்றாள்.

குஞ்சம்மா மைலோவை எடுத்துக்கொண்டு சூடு பண்ணப் போனாள். மோகனாவை மலாக்கா டவுனில் குஞ்சம்மாவின் தங்கை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அதற்கப்புறம் எங்கே போனாள் என்று கமலவேணி கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே பயந்தாள்.

'காணவில்லை'யை அன்றைக்கே எடுத்தாள். சட்டத்தையும் மாற்றினாள். பயந்துபோய் எழுதினால், பேர் இல்லாவிட்டாலும், அவர் சொல்கிற பதிவை முதலில் மறை, பிறகு விசாரி. ஒருவர் எழுதியதை இன்னொருவருக்கு அனுப்பாதே. "எத்தன நாள்ல பதில்னு போடலாம்கா?" என்று சுரேன் போனில் கேட்டான்.

"நாள் கணக்கு போடாத. படிக்கிறவனுக்கு அது நாளு. எழுதுறவளுக்கு அவன் கார்ல வந்துகிட்டு இருக்கான்."

மெம்பர்கள் கத்தினார்கள். சர்வாதிகாரி கங்காணி என்றார்கள், ஒரு பக்கம் மட்டும் கேட்கிறாள் என்றார்கள். மத்தியானம் கம்ப்யூட்டரை லைனில் மாட்டும்போதெல்லாம் மோடத்தின் கீச்சுச் சத்தம் முடிகிற வரைக்கும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். ஹரிதாஸ் இன்னும் எழுதிக்கொண்டிருந்தான். மரியாதையாகத்தான் எழுதுவான்.

'சிஸ்டர், அவ அங்க இல்ல. என் பக்கம் இன்னும் முடியல. எப்ப கேப்பீங்க?'