பால் கவருக்குள் மடித்த ஊசி

குப்பை வண்டிக்காரரோடு ஓடிப்போனாளாம்! நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும் என்பதற்காக இப்படியா? அந்த மனுஷனுக்கு வாயில் பாதிப் பல் கிடையாது, பேரப்பிள்ளை எடுத்தவர். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார், காஜாக்காரி பின்னால் நடந்து போனாள். கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் குழாயடியில் ஒட்டுப் போட்டுத் தைத்தது. வீடு நிறையக் குப்பையைச் சேர்த்து வைத்தாள் என்கிறீர்கள், சரி, வைத்தாள். சீக்காளிப் புருஷனை விட்டுவிட்டுப் போனாள் என்கிறீர்கள், போனாள். எதற்கு என்று ஒரு வாயாவது கேட்டதா? கேட்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்வது. உட்காருங்கள்.

சட்டைக்குக் காஜா எடுத்து, அதாவது பட்டன் துளை தைத்து, பட்டன் வைப்பது அவள் பிழைப்பு. சின்ன வயதில் பெரிய தையல் கூடம் ஒன்றில் கற்றுக்கொண்டது. அங்கே ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகளை மேஸ்திரி கையில் ஒப்படைத்தால்தான் புது ஊசி. ஒரு முனை காணாமல் போனாலும் அன்றைக்குத் தைத்த அத்தனை சட்டையையும் உதறிப் பார்த்தாக வேண்டும். ஏதோ ஒரு குழந்தை போட்டுக்கொள்ளும் சட்டையில் அது போய்விட்டால் யார் பதில் சொல்வது? அந்தப் பயம் அவள் எலும்பில் ஊறிப்போயிற்று. கல்யாணமாகி, கூடத்தை விட்டு, முன்னறையில் சொந்தமாக மிஷின் போட்ட பிறகும், உடைந்த ஊசியெல்லாம் ஒரு பழைய பவுடர் டப்பாவுக்குள்தான் போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதைக் கிலுகிலுப்பை என்று கேட்டு அழுதால்கூடக் கொடுக்க மாட்டாள்.

அவள் புருஷன் லாரி ஓட்டியவர். சர்க்கரை வந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். மாத்திரை போடுகிறார் என்றுதான் தெருவுக்குத் தெரியும். தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள்தான் இன்சுலின் ஊசி போடுவாள். மலை இறக்கத்தில் பிரேக் போன வண்டியை நிறுத்திய மனுஷன், ஊசிக்கு வயிற்றைக் காட்டுவதை ஊர் பார்க்கக் கூடாதாம். ரோசம்.

போட்ட ஊசியை எங்கே போடுவது என்று மருந்துக்கடையில் யாரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ஆனால் யோசித்தாள். அப்படியே குப்பைப் பையில் போட்டால், அப்போது நம் தெருவுக்கு வண்டி தள்ளி வந்த பெண் குப்பையை அமுக்கும்போது கையில் குத்தும். அதனால் காலிப் பால் கவருக்குள் ஊசியை வைத்து, இறுக்க மடித்து, பட்டன் நூலால் சுற்றி முடிச்சுப் போட்டாள். இனி யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று மனசு நிறைந்தது.

அந்தப் பெண் பால் கவர்களைத் தனியாகப் பொறுக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து, அலசி, காயவைத்து விற்பாள் என்பது இவளுக்குத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும்? நம் தெருவில் வாசலைத் தாண்டிய குப்பை யாருடையதும் இல்லை. மக்குவதற்கு ஒன்று, மக்காததற்கு ஒன்று என்று வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பச்சை வாளியில் துணி ஊறியது, நீல வாளியில் வெங்காயம் குடியேறியது. குப்பை பழையபடி ஒரே பையில் போயிற்று.

ஒருநாள் காலை அந்தப் பெண் வரவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு அவளுடைய மாமனார் வந்தார். மணியை அடித்துவிட்டு, எல்லோரும் வாசலுக்கு வரும்வரை நின்றார்.

"என் மருமக கையில ஊசி ஏறிடுச்சும்மா. நோயாளிக்குப் போடுற ஊசி. பால் கவருக்குள்ள மடிச்சு, நூலு சுத்தி வந்திருக்கு. யாரையும் குத்தம் சொல்ல வரல. யார் வீட்டு ஊசின்னு தெரிஞ்சா, அந்த ஆளு ரத்தத்தைப் பாத்து, பயப்படணுமா வேணாமான்னு டாக்டர் சொல்லிடுவாராம். கைக்குழந்தைக்காரி. பிள்ளைக்குப் பால் குடுக்கவே பயந்து உக்காந்திருக்கா."

ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்கினார்கள். மாடி வீட்டுக்காரிதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"ஊசியும் நூலும் இருக்கிற வீடு இங்க ஒண்ணுதானே? என்ன காஜாக்கா, வாயில என்ன, பட்டன் தச்சுட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இவள் உள்ளே போய்ப் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து நீட்டினாள்.

"பாத்துக்குங்க. என் மிஷின் ஊசியில ஒடஞ்ச முனைகூட இந்த வாசலைத் தாண்டினதில்ல."

"சும்மா கேட்டேன்க்கா. அதுக்குன்னு இப்படியா கோவிச்சுக்கிற?" என்று மாடி வீட்டுக்காரி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பெரியவர் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "எல்லா வீட்லயும் உன்ன மாதிரி இருந்துட்டா, எங்க கை ஏம்மா கிழியப்போகுது? நீ நல்லா இருக்கணும்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மிஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

சர்க்கரை ஒட்டிக்கொள்ளும் வியாதி இல்லை, அது அவளுக்கும் தெரியும். பயம் வேறு. முன்பு ஒருமுறை புருஷனுக்கு மஞ்சள் காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தார். இந்தக் கிருமி ரத்தத்தில் தங்கினாலும் தங்கும், மறுபடி வந்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். "கண்ணு வெளுத்துடுச்சு, காமாலையும் போயிடுச்சு" என்று இவர் போகவே இல்லை. தங்கியதா, போனதா? அந்தக் கேள்வி இத்தனை நாளும் வீட்டு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது அது எங்கோ ஒரு பெண்ணின் கைக்குள் போயிருக்கலாம். அவள் மடியில் ஒரு குழந்தை வேறு.

அன்றிலிருந்து அவளால் ஒரு பையைக்கூட வெளியே வைக்க முடியவில்லை. கட்டிய பையை அவிழ்ப்பாள், கொட்டுவாள், குச்சியால் கிளறுவாள், மறுபடி கட்டுவாள். பிறகும் சந்தேகம். பால் கவர்களைக் கத்தரித்து விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கொடியில் காயப் போட்டாள். காய்கறித் தோல் அழுகியது, அடுப்படியில் ஈ மொய்த்தது. பின்கட்டில் பைகள் இடுப்புயரம் ஏறின. நாற்றம் உங்கள் ஜன்னலுக்கு வந்தது, கிறுக்கு என்று பெயர் வைத்தீர்கள். வண்டி மணி கேட்டால் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வாள். புருஷனுக்கு ஊசி போடும்போது கை நடுங்கி மருந்து சிந்தியது.

"என்ன கை இது, குளிர் ஜுரமா?" என்று அவர் சிடுசிடுத்தார். அப்போதுதான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மனுஷன் எகிறினார்.

"நூறு வீட்டுக் குப்பையில நம்ம ஊசிதான்னு எவன் பாத்தான்? சும்மா கெட."

"நூலு என் நூலுங்க. முடிச்சும் என் முடிச்சு. ஒரு தடவ ரத்தம் குடுத்துட்டு வந்துடலாமே."

"குடுத்து? இருக்குன்னு சொல்லிட்டா? நாளைக்கு இந்தத் தெருவுல எவன் என் பக்கத்துல உக்காருவான்? உன்கிட்ட எவ காஜாவுக்குச் சட்டை குடுப்பா?"

அவர் சத்தம் போட்டுக்கொண்டே போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார். அவருக்கும் அதே பயம்தான். அதைப் பார்த்துவிட்டு இவள் போய் மிஷினில் உட்கார்ந்தாள். ஒருவேளை இவர் சொல்வது போலக் கமுக்கமாக இருந்துவிட்டால்? யார் கேட்கப்போகிறார்கள்?

ஆனால் பெரியவர் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மணியடிப்பார், கேட்பார், பதில் வராது, போவார். கதவுக்குப் பின்னால் நின்று இவள் எல்லாவற்றையும் கேட்பாள். மருமகளுக்கு ஏதோ மருந்து கொடுக்கிறார்கள், சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிறது. குழந்தை புட்டிப்பாலைத் துப்புகிறது, அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது.

கடைசியாக ஒரு காலை அவர் மணியை ஒரே ஒரு தரம் அடித்துவிட்டுச் சொன்னார். "இனிமே கேக்க மாட்டேன்மா. சொல்றவங்களா இருந்தா இதுக்குள்ள சொல்லியிருப்பாங்க. குப்பையப் போடுங்க, நான் போறேன்."

அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. இனி யாரும் கேட்கப்போவதில்லை. அவள் தப்பித்துவிட்டாள். சாகிறவரைக்கும் தப்பித்துவிட்டாள். கொடியில் தொங்கிய பால் கவர்கள் காற்றில் சலசலத்தன. தையல் கூடத்தில் அவள் பயந்த அந்த ஊசி முனை எந்தக் குழந்தையின் சட்டையில் போய்ச் சேர்ந்தது என்று இப்போது அவளுக்குத் தெரியும், உதறிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அன்று காலையில் புருஷனுக்குப் போட்ட ஊசியை எடுத்துப் பவுடர் டப்பாவுக்குள் வைத்து மூடினாள். கூடவே, ஒத்துப் பார்க்கட்டும் என்று பட்டன் நூலில் கொஞ்சம் அறுத்துப் போட்டுக்கொண்டாள். செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எங்க கிளம்பிட்ட? வாசப்படியத் தாண்டினா திரும்பி வராத, சொல்லிட்டேன்!"

"சோறு மூடி வெச்சிருக்கேன். நேரத்தோட சாப்பிட்டுடுங்க, மயக்கம் வந்துடும்." செருப்பு வாரை இழுத்து மாட்டினாள். "ரத்தம் எடுக்கக் கைய நீட்டச் சொல்லி ஆள் வரும். நீட்டுங்க."

கட்டில் கிறீச்சிட்டது. எழுந்தாரா, திரும்பிப் படுத்தாரா தெரியாது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

வண்டி தெருமுனை திரும்பப் பார்த்தது. ஓட்டமும் நடையுமாகப் போய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, குப்பை போடணுமா?"

"உங்க மருமகளப் பாக்கணும் பெரியவரே. கூட்டிட்டுப் போங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். வண்டியைத் திருப்பினார்.

ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மாடி வீட்டுக்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "எங்கக்கா, குப்பை வண்டியோட ஊர்வலமா?"

காஜாக்காரி நிமிரவில்லை. வாயைத் திறந்தால் அழுகை வரும், அழுகை வந்தால் கால் வீட்டுப் பக்கம் திரும்பிவிடும் என்று பயந்து, வண்டிச் சக்கரத்தையே பார்த்தபடி நடந்தாள்.