பொத்துவில் மாமியின் சாயா

கஞ்சி போட்டு வெயிலில் காய்ந்த வெள்ளைத் துணி முழங்காலில் உரசும்போது ஏற்படும் அரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. சேலைக்கு உள்ளே உடுத்துகிற பாவாடையை எங்கள் கல்முனைக்குடி வீட்டில் 'சாயா' என்போம். தேநீரைச் சாயா என்கிற ஊர்க்காரர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். ஒரு சாயாவுக்காக ஒரு கலியாண வீடே இரண்டுபடப் பார்த்ததைச் சின்ன வயதில் கண்ணால் கண்டவள் நான்.

உம்மாவின் தங்கை, என் சாச்சி, அவளுக்குப் பொத்துவில் மாப்பிள்ளை. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த 'கூறை'ச் சேலையை மணப்பெண் உடுத்த வேண்டும். அந்நேரம் பிறந்த வீட்டு நூல் ஒன்றும் அவள் உடம்பில் இருக்கக் கூடாது என்பது எங்கள் குடும்பத்துப் பிடிவாதம். உள்ளே உடுத்துவதைப் பெண் வீட்டார்தான் தைத்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள இரு பக்கத்திலும் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெட்டியைத் திறந்தால் சேலை இருக்கிறது, அத்தர்கூட இருக்கிறது, சாயா மட்டும் இல்லை.

"எங்கட புள்ளைக்கு அரை உடுப்பா கொண்டு வந்திரிக்கீங்க?" என்று உம்மா கேட்டுவிட்டார். "ஏன், ஒங்கட வீட்டுல ஒரு சாயா இல்லியா?" என்று மாப்பிள்ளையின் ராத்தா, அவருடைய அக்கா, திருப்பிக் கேட்டாள். பேச்சு தடித்தது. அவர்களில் யாரோ, "அப்ப நாங்க எழும்பிப் போறம்" என்றதும் சாச்சி முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். கலியாணம் இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

பொத்துவில் மாமி என்று பிறகு நாங்கள் அழைத்த மாப்பிள்ளையின் உம்மா எழுந்தார். "கத்தாதீங்க, வாசல்ல ஆம்புளயள் இரிக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வந்தபோது, மகனின் கலியாணத்துக்கென்று தைத்து அன்று காலையில்தான் அவர் உடுத்தியிருந்த வெள்ளைச் சாயா அவர் கையில் இருந்தது.

"இது எங்கட வீட்டு நூல்தானே? உடு மகள்."

அவருடைய சேலைக்கு அடியில், அறைக் கொடியில் கிடந்த என் வாப்பாவின் கட்டம்போட்ட கைலி, நாங்கள் சொல்லும் சாரன், எட்டிப் பார்த்தது. முதலில் சிரித்தது உம்மாதான். பிறகு அறை முழுக்கச் சிரித்தது, சாச்சியும் சிரித்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

வளர்ந்த பிறகு அந்தச் சொல்லைத் தேடிப் போனேன். போர்த்துக்கேயர் இலங்கையில் விட்டுப்போன சொல் அது. சிங்களவரும் 'சாய' என்பார்கள். ஸ்பானியரும் தங்கள் பழைய பாவாடையைச் சாயா என்றே சொல்ல, அவர்கள் ஆண்ட பிலிப்பைன்ஸிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கும் முன்னே, லத்தீனில், படைவீரர்கள் தோளில் போர்த்திய முரட்டுக் கம்பளிக்கு வழங்கிய பெயரிலிருந்து அது பிறந்ததாம். ஒரு காலத்தில் ஆணும் பெண்ணும் அணிந்த அங்கி, மெல்ல மெல்லப் பெண்ணின் இடுப்புக்கு இறங்கியிருக்கிறது. போர்த்திக் காப்பதுதான் அதன் முதல் வேலை என்று அறிந்தபோது எனக்குப் பொத்துவில் மாமியின் முகம்தான் வந்தது.

இப்போது கல்முனைக் கடைகளில் சேலையின் நிறத்துக்கே தைத்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஆங்கில 'ஸ்கர்ட்'டைத் திரித்து அதை 'ஸ்கேட்' என்கிறார்கள். சாயா என்றால் விளங்காது. யார் எதைக் கொண்டுவருவது என்பதை இரு வீட்டாரும் போனிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். நல்லதுதான், ஒருத்தியும் அழ வேண்டியதில்லை. மாமி மவுத்தாகி, இறந்துபோய், பல வருடமாயிற்று. அண்மையில் சாச்சியிடம் அந்த நாளைப் பற்றிக் கதை கொடுத்தேன்.

"மாமியெண்டா எனக்குச் சரியான பயம் புள்ள" என்றாள். "அந்தச் சாயாவ உடுத்தன் பாரு, அது அவட உடம்புச் சூட்டோடயே இரிந்திச்சி. அந்த நேரமே பயம் போயிட்டு."