மூடிகளைத் திறக்கச் சொன்னவள்

கனாவரல் துறைமுகத்தில் ரொவீனா டாட்லாக்கைத் தெரியாதவர்கள் குறைவு. வயது ஐம்பத்து நான்கு. யாரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள், திட்டும்போதும்கூட. எங்கள் சாண்ட்ஹில் கம்பெனியின் ராக்கெட் மேலே போனதும், அதன் கீழ்க்கட்டம் மட்டும் திரும்பி வந்து, நடுக்கடலில் மிதக்கும் மேடையில் நிமிர்ந்து நிற்கும். அதைத் துறைக்கு இழுத்து வந்த பிறகு எங்கள் ஆறு பேருக்கு வேலை. அதன் உடம்பில் நாற்பத்தாறு சிறு துளைகள் உண்டு, காற்றழுத்தம் பார்க்க. எல்லாவற்றுக்கும் மூடி போட வேண்டும். மூடிக்கு ஒரு சிவப்பு நாடா, நாடாவில் போட்டவர் கையெழுத்து. ரொவீனாதான் எங்கள் குழுவுக்குத் தலைவி. டெல்பர்ட் க்ரைடர் என்கிற நான் அவளுக்கு அடுத்தவன்.

புது ராக்கெட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கொட்டகையிலிருந்து நேரே ஏவுதளத்துக்குப் போய்விடும். பறந்து வந்ததுதான் ஃப்ளோரிடா வெயிலில் மூன்று நாள் துறையில் நிற்கும். உப்பு, மழை, தூசி எல்லாம் அதன்மேல் படியும்.

இதற்கு முன் அவள் ஷட்டில் விண்கலத்தின் அடிவயிற்றில் சூடு தாங்கும் ஓடு ஒட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் போய்ப் போய்த் திரும்பி வந்ததுதான். ஆனால் ஒவ்வொரு ஓடாகக் கையால் தடவிப் பார்த்து மறுபடி அனுப்ப மாதக்கணக்கில் ஆகும். கடைசியில் அதை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுக்கு ஒரு கடிதமும் சட்டம் போட்ட ஒரு படமும் கிடைத்தன. ஒன்பது வருடம் டைட்டஸ்வில்லில் வீடு வீடாக ஏசி பழுது பார்த்தாள். "வந்தா மட்டும் போதாது கண்ணு, சட்டுன்னு கிளம்பணும். இல்லாட்டி அது மியூசியத்துக்குத்தான் ஆகும்" என்று அடிக்கடி சொல்வாள். அந்தப் புண் ஆறவே இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த ஆகஸ்டில் பிரெஸ்டன் ஆல்டேன் எங்கள் தலைமேல் உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வயது மேலாளர். ஒன்பது நாளில் மறுபடி பறக்கத் தயாரானதை ஐந்து நாளுக்குக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. அவர் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் இணையச் செயற்கைக்கோள்கள் தாழப் பறப்பவை. ஐந்தாறு வருடத்தில் விழுந்து எரிந்துவிடும். அதனால் புதிது அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். போதாததற்கு, டிசம்பருக்குள் பாதியாவது மேலே இல்லாவிட்டால் அலைவரிசை அனுமதி போய்விடும். ராக்கெட் திரும்பி வர எரிபொருள் மிச்சம் வைப்பதால் ஒரு தடவைக்கு ஏற்றும் சுமையும் குறைகிறது. ஒரே உடம்பு அடிக்கடி பறந்தால்தான் இந்தத் தொழில் நிற்கும். மூடி போடும் எங்கள் நான்கு மணி நேர வேலை அவர் கண்ணை உறுத்தியது. எங்களை எடுத்துவிடப் போகிறார் என்று துறையெங்கும் பேச்சு.

பதின்மூன்றாவது முறையாகத் திரும்பிய கீழ்க்கட்டத்துக்கு, மழையால் இரண்டாம் நாள்தான் மூடி போட முடிந்தது. மறுநாள் மதியம் ரொவீனா சாண்ட்விச்சைக் கடித்தபடி, ஒழுகும் குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். அங்கே தேங்கிய சேற்றில் குளவிகள் மண் உருட்டிக்கொண்டிருந்தன. உருட்டிய மண்ணோடு மேலே பறந்து, எங்கள் மூடிகளைச் சுற்றிச் சுற்றி வந்தன. அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"டெல்பர்ட், அதுங்க வாசலைத் தேடுதுங்க."

"எந்த வாசலை?"

"நாம நேத்து அடைச்சோமே, அதை. நமக்கு முன்னாடியே உள்ள கூடு கட்டியிருக்கு. ஏசி குழாயில இதைத்தான் ஒன்பது வருஷம் தோண்டினேன்."

நான் சுற்றிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினேன். "கொட்டகையில சோதிக்கும்போது அவங்களே பாத்துக்குவாங்க. நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

"நாடாவுல என் கையெழுத்து இருந்தா எவன் உள்ள பாப்பான்? நானே பாக்க மாட்டேன்."

நேரே ஆல்டேனிடம் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

"நாப்பத்தாறு மூடியையும் திறக்கணும் கண்ணு. நான் போட்டதுதான்."

"விளையாடாதீங்க ரொவீனா. இன்னிக்கு லாரியில ஏத்தணும்."

"அடைஞ்ச துளையோட அனுப்பினா, இறங்கும்போது காத்தழுத்தம் தெரியாம அது கடல்ல விழும். அறுபது செயற்கைக்கோள் காத்துக்கிட்டு நிக்குதில்ல, அதை எதுல வச்சு அனுப்புவீங்க?"

திறந்தோம். ஏழு துளைகளில் மண். ஒன்றைக் கிண்டியபோது, குளவி தன் குஞ்சுகளுக்குச் சேர்த்து வைத்த செத்த சிலந்திகள் பொலபொலவென்று கொட்டின. ஆல்டேன் குனிந்து ஒரு சிலந்தியை எடுத்தார்.

"அப்ப உங்க நாலு மணி நேரமும் வீண்தானே?"

"வீண்தான். இங்க போடறதே தப்பு. கரைக்கு வந்தப்புறம் மூடினா குளவியை உள்ள வச்சுப் பூட்டுற மாதிரி. கடல்லயே, இறங்கின சூட்டோட மூடிடணும். அங்க குளவி ஏது? கப்பல் திரும்பி வர்ற நேரத்துலயே முடிஞ்சிடும், உங்க அஞ்சு நாள்ல ஒரு நிமிஷம்கூட எடுக்காது."

"கப்பல்ல எத்தனை பேர் வேணும்?"

"ரெண்டு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆல்டேனின் அறைக்குப் போய்விட்டு அவள் வெளியே வந்ததும் கத்தினேன். "நாலு பேர் வேலையை ஒரே வாய்ல தின்னுட்டியே, நீயெல்லாம் மனுஷியா?"

மற்ற நால்வரும் சுற்றி நின்றார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"மாசத்துக்கு ஒண்ணு வந்தா நாம ஆறு பேரும் அதிகம். ஷட்டில்ல அப்படித்தான், வேலையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு எல்லாரும் சேந்து வெளிய வந்தோம். அஞ்சு நாளுக்கு ஒண்ணு வந்தா, ரெண்டு ரெண்டு பேரா மூணு கப்பல் வேணும். அதுவரைக்கும் நாலு பேர் கொட்டகை வேலையில இருங்க. ஆல்டேன்கிட்ட எழுதி வாங்கிட்டேன்." காகிதத்தை என் சட்டைப் பையில் திணித்தாள். "முதல் கப்பல்ல நீயும் நானும்."

"எனக்குக் கடல் ஒத்துக்காதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் கண்ணு."

அந்த ராக்கெட் எட்டாம் நாள் பறந்தது. கரையிலிருந்து நானூறு மைல் தள்ளி, எங்கள் கப்பலில் நின்று அது இறங்குவதைப் பார்த்தோம். ஆபத்தில்லை என்று தகவல் வந்ததும் மேடையில் ஏறினோம். உலோகம் இன்னும் அனல் வீசியது. கடல் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஏழு மூடி போடுவதற்குள் வாளியைக் கட்டிக்கொண்டு குடலே வெளியே வரும்படி வாந்தி எடுத்தேன். இனி என்னால் முடியாது, திரும்பிப் போய்விடலாம் என்று கெஞ்சினேன்.

ரொவீனா எட்டாவது மூடியை என் கையில் வைத்தாள்.

"எடுத்து முடிச்சிட்டியா? எழுந்திரு. அஞ்சு நாள்ல இது மறுபடி வருது."