முன் சீற்றும் இடப்பக்கச் சில்லும்

எங்கள் வீட்டு வானில் முன் சீற் என்னுடையது. யாரும் எழுதித் தரவில்லை. வான் வந்த நாள் தொட்டு அதிலேதான் இருக்கிறேன். மகன் ஓட்டுவான். கோயிலுக்கோ ஆசுபத்திரிக்கோ, கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போவேன். சந்தைக் கடைக்காரர் கண்டால் தலையாட்டுவார்கள். பின்னால் இருந்தால் யார் எனக்குத் தலையாட்டுவது?

அந்தச் சீற்றுக்கு ஆபத்து ஒரு சத்தத்தால் வந்தது. வான் வேகம் பிடித்ததும் முன்பக்கத்து அடியிலிருந்து "ஊம்ம்ம்" என்று ஓர் உறுமல். மெல்லப் போனால் இல்லை. மகன் முதலில் ரோட்டைக் குற்றம் சொன்னான். வழுவழுப்பான கிண்ணியாப் பாலத்திலும் அது உறுமியது. பிறகு முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றினான். நிற்கவில்லை. கண்ணூறாக்கும் என்று நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்து நசித்தான். தேசிக்காய் நசிந்ததுதான் மிச்சம்.

கடைசியில் மருமகள் கண்டுபிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, மாமி முன்னுக்கு இருக்கேக்கதான் சத்தம் கூடுது. பாரம் முழுக்க ஒரு பக்கம் போகுது."

"என்ன பாரம்? நான் என்ன நெல்லு மூட்டையே?" என்றேன்.

"அப்பிடிச் சொல்லேல்லை மாமி. கொஞ்ச நாளைக்குப் பின்னுக்கு இருந்து பாருங்கோவன்."

நான் பின்னுக்குப் போனேன். மருமகள் முன்னுக்குப் போனாள். பின்னால் இருந்தால் திருகோணமலையே தெரியாது, மகனின் பிடரிதான் தெரியும். அது வெயிலில் கன்றிக் கறுத்திருந்தது. வானுக்குள் இருந்து ஓட்டுகிறவனுக்குப் பிடரியில் எப்படி வெயில் பட்டது என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். எனக்கிருந்த கோபம் வேறு. சத்தமோ நிற்கவில்லை.

"இப்ப ஏன் பிள்ளை கேக்குது?"

"முந்தி இருந்த இருப்புக்கு இப்பவும் கேக்குது மாமி."

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது, காது நிற்கவில்லை. பார்க்க ஒன்றும் இல்லாததால் கேட்டுக்கொண்டே இருந்தேன். துறைமுகத்தை ஒட்டிய ரோட்டு வளைந்து வளைந்து போகும். வான் வலப்பக்கம் திரும்பினால் உறுமல் தடிக்கும். இடப்பக்கம் திரும்பினால் மெலியும். ஒரு கிழமை கேட்டேன். அதே வளைவு, அதே சத்தம். பஸ்சில் நின்றுகொண்டு போனவர்களுக்குத் தெரியும், பஸ் வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கத்து ஆளின் மேல்தான் சாய்வோம். வானின் பாரமும் அப்படித்தானே சாயும்? பாரம் இடப்பக்கம் விழச் சத்தம் கூடுகிறதென்றால், நோய் இடப்பக்கத்து முன் சில்லில். திரிகையின் நடுமுளை தேய்ந்தாலும் இப்படித்தான், கல் ஆடும், உறுமும்.

மகனிடம் சொன்னேன்.

"அம்மா, சத்தம் என்ர காதுக்குப் பக்கத்தில கேக்குது. வலப்பக்கம்தான்."

"உன்ர காது வலப்பக்கம் இருக்குது. அதுக்குச் சில்லு என்ன செய்யும்?"

கிண்ணியாவில் அவனுக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவர் கராஜ் வைத்திருந்தார். மருமகள் வீட்டில் நின்றாள். நான் கூடப் போனேன். போகாவிட்டால் பழி என் உடம்பின் மேல்தான் முடியும்.

மகன் சொன்னபடி பாஸ் முதலில் வலப்பக்கச் சில்லை ஜாக்கி வைத்துத் தூக்கினார். மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. கையால் சுற்றிவிட்டார். சத்தமில்லாமல் சுற்றியது.

"இதுல ஒண்டும் இல்ல மச்சான்."

"தம்பி, இடப்பக்கத்தைத் தூக்குங்கோ," என்றேன், கதிரையில் இருந்தபடியே.

"அம்மா, சும்மா இருங்கோவன்," என்றான் மகன்.

பாஸ் சிரித்துக்கொண்டே தூக்கினார். பிடித்து ஆட்டியதும் "கடக், கடக்" என்றது. சுற்றிவிட்டு, சில்லுக்கு மேலே இருந்த சுருள் கம்பியில் மற்றக் கையை வைத்தார். சிரிப்பு நின்றது. என்னையும் கூப்பிட்டுக் கை வைக்கச் சொன்னார். மணல் அரைபடுவது போல் நறநறவென்று கைக்குள் ஏறியது.

"அம்மா சொன்னதுதான் சரி. சில்லு சுத்துற பெயரிங் போயிட்டு. அது இருக்கிற ஹப்பும் தேஞ்சிட்டு. ரெண்டையும் மாத்தணும்."

கேட்கவேண்டியதைக் கேட்டேன். "தம்பி, ஆள் பாரத்தாலயோ இது?"

"ஆள் பாரத்துக்குப் பெயரிங் போனா ஊரில ஒரு வானும் ஓடாது அம்மா. இது உப்புத்தண்ணி. கடலுக்க எறக்கினீங்களா மச்சான்?"

மகன் நிலத்தைப் பார்த்தான். நான் கழற்றிய சில்லின் உட்புறத்தைப் பார்த்தேன். கறுத்த மணல் அப்பியிருந்தது. விரலில் எடுத்தேன், மினுங்கியது. அந்த மணல் எந்தக் கரையில் இருக்கிறதென்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"புல்மோட்டைக்கு எப்ப போனனீ?"

"கூட்டாளிமாரோட குளிக்கப் போனனாங்கள் அம்மா. ரெண்டு மூண்டு ஞாயிறுதான்." குரல் இறங்கியது. "அவளுக்கு அலுவல் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனனான். சோறும் கட்டித் தந்தவள். சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லமாட்டன். நான் எங்க இருக்கிறது?"

"முன்னுக்குத்தான் அம்மா."

புதுப் பெயரிங்கோடு திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலத்தில் காற்றின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"என்ன பிழையாம்?" என்று மருமகள் கேட்டாள்.

"சில்லுக்குள்ள மணல் போயிட்டுது பிள்ளை."

பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த மகனுக்குப் புரைக்கேறியது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். மகனே இறங்கி வந்து எனக்கு முன் கதவைத் திறந்துவிட்டான். மருமகள் பின்னால் ஏறினாள். சந்தையடி வந்ததும் முன்னுக்குச் சாய்ந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"மாமி, வானுக்குள்ள இருந்து ஓடுற மனுசனுக்குப் பிடரி ஏன் இப்பிடிக் கறுத்துப்போச்சு?"

நான் கண்ணாடியை இறக்கிவிட்டு, கடைக்காரருக்குத் தலையாட்டினேன்.