பேர்லின் கதையின் இரண்டாம் பகுதி

ஜெர்மன் சர்வாதிகாரியை அவனுடைய சொந்தத் தளபதிகளே கவிழ்த்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தொண்ணூறுகளில் இங்கே கனடாவில் ஸ்காபரோ நூலகத்தில் எடுத்த ஒரு தடித்த புத்தகத்தை வாசித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கதையாகவே எழுதிவிட்டேன். தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாக அடுக்கிவைக்கும் வாரப் பத்திரிகை ஒன்று அதை இரண்டு பகுதியாகப் போட ஒப்புக்கொண்டது. தளபதிகள் அவனை விருந்து மேசையில் வைத்துக் கைதுசெய்யப் புறப்படுவதோடு முதல் பகுதி நின்றது. அச்சில் என் பெயரைப் பார்த்த சந்தோஷப் புளுகத்தில் ஒரு கட்டுப் பத்திரிகையையே தூக்கிக்கொண்டு வந்தேன்.

பிறம்ரன் நகரில் கிடங்கு வேலை முடித்து வந்த என் கணவர் சப்பாத்தைக் கழற்றாமலே கத்தினார்.

"உமக்கென்ன விசரே? உது ஆரைப் பற்றின கதை?"

"ஜெர்மன்காரனைப் பற்றி."

"சனம் அப்பிடியே வாசிக்கும்? ஊரிலையும் சண்டை நடக்குது, இயக்கத்துக்கும் மேலை ஒருத்தர், கதையிலை கூட இருக்கிறவையே கவிழ்க்கினம். 'உம்மடை மனிசி துணிஞ்சிட்டா' எண்டு வேலையிடத்திலை பெடியள் சொல்லுறாங்கள்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பேர்லின், பனி, மீசை என்று இவ்வளவு எழுதியும் எங்கள் ஆட்கள் அதில் ஊரைத்தான் வாசித்திருக்கிறார்கள். அப்போது தொலைபேசி அடித்தது.

மரியாதையான குரல். பெயர் சொல்லவில்லை.

"தங்கச்சி, கதை வாசிச்சனாங்கள். வடிவா எழுதுறியள். அம்மா இப்பவும் கோயிலடி வீட்டிலை தனியத்தானே?"

ஊரில் இருக்கும் அம்மாவிடமிருந்து மாதக்கணக்காகக் கடிதம் இல்லை. அந்த வீட்டைப் பற்றி நான் இங்கே ஒருவருக்கும் சொன்னதில்லை. "ஓம்" என்றேன்.

"அடுத்த பகுதியைப் பாத்துக்கொண்டிருக்கிறம்" என்று வைத்துவிட்டார்.

உடனே பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டு, இரண்டாம் பகுதியைப் போட வேண்டாம் என்றேன்.

"நிப்பாட்டினால் இன்னும் கதைப்பினம் அக்கா. முடிவை மாத்தித் தாங்கோ." அவருக்கும் பயம் பிடித்திருந்தது.

சமையலறை மேசையில் இருந்தபடியே முடிவை மாற்றினேன். தளபதிகளில் ஒருவனைக் காட்டிக்கொடுக்க வைத்தேன். மற்றவர்களைச் சுவரோடு நிறுத்திச் சுட்டேன். சர்வாதிகாரி விருந்தை ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்தான். அம்மாவின் முகத்தை நினைத்து நினைத்து எழுதினேன்.

பத்திரிகை கடைக்கு வந்த அன்று பின்னேரம் மறுபடி அதே குரல்.

"இப்ப கதை சரி தங்கச்சி. அம்மாவைப் பற்றி யோசிக்காதேங்கோ. எங்கட ஆக்கள் போய்ப் பாத்தவை."